தலைக்குப் போன கை

கை தலைக்குப் போய்விட்டது. போன பிறகுதான் கண்காணிப்பாளருக்கு உறைத்தது. சட்டென்று இறக்கிக்கொண்டார். அதற்குள் வாசல் காவலாளி பார்த்துவிட்டான்.

அந்த நகைக்கடையில் அப்படி ஓர் ஏற்பாடு. கண்காணிப்பாளர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, நகை வாங்க வந்தவர் மாதிரி நடுக்கூடத்துத் தூண் பக்கத்தில் நிற்பார். எல்லாக் கண்ணாடிப் பெட்டிகளும் தெரிகிற இடம் அது ஒன்றுதான். யார்மேலாவது சந்தேகம் வந்தால் தலையில் கைவைப்பார். அவர் எதிரில் இருந்த ஆளை வாசலில் காவலாளி நிறுத்தி, "ஒரு நிமிஷம், பையைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்பான். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை தப்பாகப் போனதே இல்லை.

கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பாழாய்ப்போன அரிப்பு. கூடவே பொடுகு. கறுப்புக் கோட்டின் தோளில் மாவு சலித்துக் கொட்டிய மாதிரி கிடந்தது.

இன்று வாசலில் நிறுத்தப்பட்டவர் முதலாளிக்குச் சம்பந்தியாகப் போகிற அம்மாள்.

"யாரை நிறுத்தினீங்கன்னு தெரியுமா?" மேலாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"தெரியும் சார். அரிச்சுது, சொறிஞ்சேன்."

"போன வாரம் ஒரு டாக்டரை நிறுத்தினீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பொண்ணை. அதுவும் அரிப்புதானா?"

"அரிப்புதான் சார்."

"இன்னும் ஒருத்தர் அழுதுக்கிட்டு வெளியே போனா, கூடவே நீங்களும் போயிடலாம்."

இந்த வேலை போனால் கண்காணிப்பாளருக்கு வேறு வேலை தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் சந்தேகப்படுவது. கடிகாரம் சரியாக ஓடினால்கூட ஏன் ஓடுகிறது என்று யோசிக்கிற மனிதர்.

வீட்டில் மனைவி அவரை விளக்கடியில் உட்காரவைத்து, முடியை வகுந்து வகுந்து பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே. தலையணையிலகூட ஒரு பொட்டு வெள்ளை கிடையாது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் இல்லை? உறையை மாத்திட்டியா?"

"நான் எதுக்கு மாத்தப்போறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"கேளுங்க, கேளுங்க. கேட்டுக்கிட்டே இருங்க."

"உன் தம்பி ஒரு எண்ணெய் குடுத்தானே, அதுலதான் ஏதோ இருக்கு."

"அதை வாங்கின அன்னிக்கே மூடியை மோந்து பார்த்துட்டு மூலையில வெச்சீங்க. இன்னும் சீல் பிரிக்கலை."

சீல் பிரிக்காமலே வேலை செய்கிற எண்ணெய் உண்டா என்று அவர் வெகுநேரம் யோசித்தார். மச்சான் விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மருந்துக் கடையில் ஒரு தார் ஷாம்பு வாங்கித் தேய்த்தார். வாரவிடுமுறை அன்று அரிப்பே இல்லை. ஆகா, விட்டது சனியன் என்று நிம்மதியாகப் படுத்தார். மறுநாள் கடைக்குப் போய்த் தூணருகே நின்றார். மத்தியானத்துக்குள் தோளெல்லாம் வெள்ளை.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டில் இல்லாத பொடுகு கடையில் வருகிறது என்றால், கடையில் யாரோ வேலை காட்டுகிறார்கள். யார்? நெக்லஸ் பிரிவுப் பெண்தான். அவள் அண்ணன் இந்த வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். கழற்றி மாட்டுகிற கோட்டில் ஏதாவது பொடியைத் தூவுகிறாளோ? அன்றிலிருந்து அவர் கோட்டைக் கழற்றுவதை நிறுத்தினார். சாப்பிடும்போதும் கோட்டு, கழிப்பறையிலும் கோட்டு. வேர்த்துக் கொட்டி அரிப்பு இரண்டு பங்காகியது. போதாக்குறைக்கு ஷாம்புவின் தார் வாடை.

அந்தப் பெண்ணே வந்து சொன்னாள். "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. உள்ள எங்கேயாவது ரோடு போடுறீங்களான்னு கஸ்டமர் கேக்கறாங்க."

"உங்க அண்ணன் சௌக்கியமா?" என்றார் அவர், கண்ணை இடுக்கிக்கொண்டு.

"சௌக்கியம்தான். ஏண்ணே?"

"சும்மா கேட்டேன்."

அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. கைதேர்ந்தவள் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

அடுத்து ஒரு கறுப்புத் தொப்பி வாங்கினார். தலையை மூடிவிட்டால் கொட்டுவது எப்படி வெளியே வரும்? தொப்பியோடு ஒரு பகல் முழுக்க விறைப்பாக நின்றார். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால், தொப்பியின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகச் செதில்.

காவலாளியும் எட்டிப் பார்த்தான். "அண்ணே, துணியைத் துளைச்சுக்கிட்டு வருதே. இது முத்திப்போச்சு."

தன் தலையைப் பற்றிக் கண்காணிப்பாளருக்கே பயம் வந்தது.

"இனிமே தலையில கைவெச்சா கண்டுக்காதே," என்றார். "சந்தேகம்னா இருமுவேன். இருமினாத்தான் நிறுத்தணும்."

"சரிண்ணே. இருமல்."

மறுநாள் தலையை நிம்மதியாகச் சொறிந்துகொண்டார். யாரையும் காவலாளி நிறுத்தவில்லை. அந்த நிம்மதி மத்தியானம்வரைதான். ஏதோ பொடி மூக்கில் ஏறித் தொண்டை கமறியது. அடக்கிப் பார்த்தார், கண்ணில் நீர் வந்தது. பிறகு அணை உடைந்த மாதிரி இருமல் தொடர்ந்தது. எதிரில் தாய், தகப்பன், மாமியார், நாத்தனார் என்று ஒரு குடும்பமே சங்கிலி பார்த்துக்கொண்டிருந்தது. காவலாளி அத்தனை பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினான். நாத்தனார் மட்டும் அழவில்லை, கத்தினாள்.

மேலாளர் இந்த முறை கதவைச் சாத்தவில்லை. "நாளைக்கு லீவு எடுத்துக்குங்க. நாளன்னைக்கு வரும்போது அந்தத் தலை சரியாகியிருக்கணும். இல்லைன்னா வரவே வேண்டாம்."

மறுநாள் நேராக முடிதிருத்தகத்துக்குப் போய் நாற்காலியில் விழுந்தார். "மொட்டை அடிச்சிடுங்க."

முடிதிருத்துபவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்குங்க? கழுவின தட்டு மாதிரி சுத்தமா இருக்கே."

"அப்படிச் சொல்லச் சொல்லி யார் சொன்னாங்க?"

"யார் சொல்வாங்க? பார்த்தாத் தெரியுதே."

"நெக்லஸ் பிரிவுல யாரையாவது தெரியுமா?"

முடிதிருத்துபவர் கத்தியை எடுத்தார். பாதித் தலை வழித்தபோது கண்காணிப்பாளருக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் நிமிர்ந்து நின்ற மனிதர், ஒரு வேலைக்காகத் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கடைக்கு வந்தால், வாசலில் போலீஸ் வண்டி. ராத்திரியோடு ராத்திரியாக நடுக்கூடத்துப் பெட்டிகள் அத்தனையும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். காவலாளி பழக்க தோஷத்தில், அவர் எதிரில் நின்ற இன்ஸ்பெக்டரின் பையை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். கண்காணிப்பாளர் ஒவ்வொரு முகமாக நோட்டம் விட்டார்.

அவருக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது. திருடனை இங்கேயே பிடித்துக் கொடுத்துவிட்டால் வேலை தப்பிக்கும். போன மரியாதையும் திரும்பும். தன் வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"சார், எழுதிக்குங்க. முதல்ல அந்த நெக்லஸ் பிரிவுப் பொண்ணு. அவ அண்ணன் உடந்தை. வாசல்ல நிக்கறவன் சிரிப்பு சரியில்லை. எனக்கு மொட்டை போட்டவர் பொய் சொல்ற ஆளு. என் மச்சானையும் ஒரு வார்த்தை விசாரிங்க. வீட்டுல தலையணை உறை விஷயத்துல எனக்கே இன்னும் தெளிவு இல்லை."

பேசிக்கொண்டிருக்கும்போதே மொட்டைத் தலையில் ஏதோ பொடியாக விழுந்தது. கை தானாகப் போனது. விரலைப் பார்த்தார். வெள்ளை. மயிரே இல்லாத தலையிலும் பொடுகா என்று அவர் முகம் வெளிறிப் போனது.

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்து அந்த விரலில் இருந்ததைத் தன் விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்தார்.

"இத்தனை பேரைச் சந்தேகப்பட்டீங்க, சரி," என்றார் நிதானமாக. "மேல் மாடிக்குக் குடிவந்தவன் உங்க தலைக்கு நேரா கூரையைக் குடைஞ்சிருக்கான், அந்தச் சுண்ணாம்பு மொத்தமும் இவ்வளவு நாளா உங்க மேலதான் கொட்டியிருக்கு, ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கலையா சார்?"