பாஹிம் தொதல் வென்ற காதை

களப்பின் உப்புக்காற்றிலே வளர்ந்தவனும், எருமைக்கூட்டம் மிதித்த சேற்றிலே நடைபயின்றவனும், தயிர்ச்சட்டிகள் அடுக்கிய மோட்டார்சைக்கிளைப் பள்ளமும் மேடுமான ஒழுங்கைகளினூடே ஒரு சட்டியும் வெடிக்காமற் செலுத்துவதில் ஈடிணையற்றவனும், வெட்கம் வந்தாற் காதுமடல் சிவக்கும் இயல்பினனும், குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீனின் மூத்த மைந்தனுமாகிய பாஹிமின் புகழை இங்கே உரைக்கப் புகுகின்றோம். திருகோணமலைத் துறைமுகமே, உன் கப்பல்களைச் சற்றே மறந்து இப்பக்கம் திரும்புவாயாக! கடைத்தெருக் கண்ணாடிப் பெட்டிகளே, உள்ளிருக்கும் லட்டுகளை உருளாது நிறுத்திச் செவிசாய்ப்பீராக!

போர் மூண்ட காரணம் இதுவாகும்.

துறைமுகத்துச் சங்கொலி கேட்கும் தொலைவில், ஜமாலியாவிலே, பாமசியொன்றில் மருந்து எடுத்துக்கொடுக்கும் றுஷ்தா என்னும் நங்கை வாழ்ந்திருந்தாள். அவளைப் பெண்பார்க்கச் சென்ற பாஹிமின் குடும்பத்தார் வெறுங்கையராய்ச் சென்றாரல்லர். தலைக்கு மேல் தலை வைத்தாற்போல் அடுக்கிய எருமைத்தயிர்ச் சட்டிகளும், முட்டைகள் பல உயிர்நீத்துப் பிறப்பித்த வட்டிலப்பமும், நெய்யிலே முங்கிக் குளித்த லட்டுகளும், ஒரு போத்தல் தேனும் வான் வண்டியின் பின்புறத்தை நிறைத்திருந்தன. அவ்வளவும் கூடத்து மேசையிலே பரப்பப்பட்டன. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த இனிப்பில் பெண் ஒரு வாயேனும் தின்ற பின்பே நாள் குறிப்பது அவ்விரு குடும்பங்களுக்கும் பொதுவான வழமை. றுஷ்தா தின்னவில்லை. மெல்ல வந்து கதிரையில் அமர்ந்தவள், மேசையை ஒருமுறை பார்த்தாள். பின்பு எல்லோரையும் பார்த்தாள்.

"கோவிக்கப்படாது. மிருகத்திலயிருந்து வாற ஒண்டையும் நான் திங்கிறல்ல. பால், நெய், முட்டை, தேன் ஒண்டும்."

எருமைகளுக்குப் பெயர் சூட்டி வளர்ப்பவராகிய ஸெய்னுதீன், நம்பிக்கையின் கடைசி நூலைப் பிடித்தவராய், "தயிருமா மகள்?" என்று வினவினார்.

"ஓம் மாமா. தயிரும்தான்."

பெண்ணின் தாய் சுஹைரா முந்தானையால் முகத்தை ஒற்றினாள். பாஹிமின் தாய் பஸ்மியா லட்டுத்தட்டைத் தன்பக்கமாகச் சிறிது நகர்த்தினாள். அந்தச் சிறு நகர்வில் ஒரு படையின் பின்வாங்கல் இருந்தது. அப்போது றுஷ்தா பாஹிமை நேரே நோக்கி, "நீங்க தயிர் விக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். என்ட வாய்க்கு மட்டும்தான் இந்தச் சட்டம்" என்றாள். சினமில்லை, கெஞ்சலில்லை. தனக்கு வேண்டியதை இத்தனை சுருக்கமாகச் சொல்லக்கூடிய ஒருவரைத் தன் வாழ்நாளில் அதுவரை சந்தித்திராத பாஹிமின் காதுமடல்கள் அந்தக் கணமே செவ்வரத்தம்பூவாயின. அவன் நெஞ்சம் ஜமாலியாவிலே தங்கிவிட, உடல் மட்டும் வானிலே ஏறிக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தது.

"எங்கட எருமையள அந்தப் பிள்ளை குத்தவாளிக் கூட்டில ஏத்திட்டு" என்று வழிநெடுகப் புலம்பினார் ஸெய்னுதீன். பஸ்மியாவோ வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுமுன்னே தீர்ப்பை மொழிந்தாள்: "இன்னொரு முறை போவம். நாம கொண்டுபோறதில ஒரு வாய் அவள் தின்னட்டும், நாள் வைப்பம். தின்னல்லையா, கதை முடிஞ்சி. ஆனா நெய்யில்லாத பலகாரத்த என்ட குசினியில நான் சுடமாட்டன்." பேரீச்சம்பழம் கொண்டுபோவோமா என்று மைந்தன் மெல்லிய குரலில் ஒரு சமாதானத் தூது அனுப்பிப் பார்த்தான். "நோன்பு துறக்க வந்திரிக்கிறமெண்டு நெனைப்பாங்க!" என்று அத்தூது வாசலிலேயே வெட்டுண்டு வீழ்ந்தது.

ஆகவே, குறித்த நாள் காலையிலே, பின்னேரத்து அசறுத் தொழுகைக்குப் பின் குடும்பம் வானிலே வந்துசேரும் என்றும், அதற்குள் இனிப்போடு தான் ஜமாலியாவில் நிற்பதாகவும் வாக்களித்து, தலைக்கவசந் தரித்து, வெண்சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி, தயிர்வாடை மாறாத தன் இரும்புப் புரவியின் வயிற்றிலே காலால் உதைத்தான் பாஹிம். அது இருமுறை இருமிவிட்டு உயிர்பெற்றது. பாலத்தின்மீது அவன் விரைகையில் இருபுறமும் நீர்ப்பரப்பு வெள்ளித்தகடாய் விரிந்தது. மீன்பிடித் தோணிகள் தலையசைத்து வழிவிட்டன. கடற்காக்கை ஒன்று கட்டியக்காரன்போல முன்னே பறந்து, பின்பு வேறு வேலை நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பிச் சென்றது.

நகரின் கடைவீதியிலே அவன் தாக்கிய முதற்கோட்டை, லட்டுகளும் மைசூர்ப்பாகும் கொத்தளங்களாய் எழும்பியிருந்த இனிப்புக் கடை. "இதில நெய் இரிக்கா?" என்றான் பாஹிம். அந்தோ, அவ்வினாவைக் கடைக்காரர் தம் நாணயத்தின்மீது எறியப்பட்ட ஈட்டியாகவே கொண்டார். மார்பு விம்ம, பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி முழங்கினார்: "சுத்த நெய் தம்பி! கையில பிடிச்சுப் பாருங்கோ, வழியும்!" நெய் இல்லாதது உண்டோ என்று வீரன் மேலும் கேட்க, அவர் முகம் இருண்டது. "அப்பிடிப்பட்ட சாமான் எங்கட கடையில ஒருநாளும் வைச்சதில்லை" என்றார். இரண்டாங் கடையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாங் கடையில், அவன் வாய்திறக்குமுன்னரே அவன் முகத்திலிருந்த ஐயத்தைக் கண்டு, அன்று காலை உருக்கிய நெய்யின் மணத்தை முகர்ந்து பார்க்கும்படி தாச்சியையே தூக்கிக்கொண்டு வந்தனர். எள்ளுருண்டைச் சாடியிலோ எள்ளும் இல்லை, உருண்டையும் இல்லை. அடியிலே ஒரு கரண்டி மட்டும் கிடந்தது.

பேக்கரியிலே முட்டை என்னும் மாற்றான் ஒவ்வொரு கேக்கின் உள்ளும் உருமாறி ஒளிந்திருந்தான். அவனுக்குத் தப்பிப் பைக்கற்றுகளின் காட்டினுள்ளே புகுந்தால், அங்கே பால்மா என்னும் மாயாவி காத்திருந்தான். பிஸ்கற்றிலே பால்மா, சொக்கிளேற்றிலே பால்மா, பழத்தின் படம் பெரிதாகப் போட்ட டொபியிலும் பால்மா. எறும்பின் கால்போன்ற எழுத்துகளைக் கண்ணருகே பிடித்து, முதலில் தமிழிலும், அது தவறாக இருக்கலாமென்ற நப்பாசையிற் சிங்களத்திலும், இறுதியில் ஆங்கிலத்திலும் வாசித்தான் பாஹிம். மும்மொழிகளிலும் பால்மா பால்மாவாகவே நின்றது.

உச்சிவெயிலிலே, வியர்வை முதுகில் ஆறாய் ஓட, பெரிய கடைவீதியின் கோடியிலிருந்த சிறியதொரு கடையின்முன் அவன் நின்றான். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, கருமுகில் இறுகிக் கட்டியானாற்போலவும், மழைக்கால எருமையின் முதுகுபோலவும் பளபளத்து, இடையிடையே கஜுப் பருப்புகள் நட்சத்திரங்களாய் மின்ன, தொதல் வீற்றிருந்தது. வீரனின் உள்ளம் துள்ளியது. "இதில என்ன போட்டிருக்கிறீங்க?"

"அரிசி மா, கருப்பட்டி, தேங்காய்ப்பால்" என்றார் கடைக்காரர்.

பால்! அச்சொல் செவியிற் பாய்ந்ததுமே, காலைமுதல் பாலாலும் பால்மாவாலும் அடிபட்டுக் கிடந்த பாஹிமின் சிந்தை, முன்னால் நின்ற தேங்காயை முற்றாக விழுங்கிவிட்டது. "பாலா? அப்ப வேணாம்" என்று கூறி, வாயிற்படி இறங்கி, வென்ற கோட்டையின் திறவுகோலைத் தானே கடலில் எறிந்த மன்னனைப்போலப் புரவியேறிச் சென்றான். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியை மெல்ல மூடினார்.

கடற்கரையிலே, படகுகள் மணலிற் சாய்ந்துறங்கும் இடத்தில், தோல்வியின் பாரத்தோடு அவன் அமர்ந்தான். பேக்கரியில் வெறுங்கையோடு வெளியேற நாணி வாங்கிய பட்டர் கேக் துண்டொன்று பையிலே கிடந்தது. நகர வீதிகளிலே தம்மிச்சையாய்த் திரியும் புள்ளிமான்களுள் ஒன்று வந்து, பையை முகர்ந்து, அவன் தடுக்குமுன்னே கேக்கைக் கடதாசியோடு தின்றது. புல்லும் இலையுமன்றிப் பிறிதுண்ணா மரபில் வந்த அம்மான், முட்டையையும் பட்டரையும் பற்றிச் சிறிதும் கவலைகொள்ளாது, நாவால் மூக்கை நக்கிவிட்டு, இன்னும் உண்டா என்பதுபோல அவனை நோக்கியது. "நீயுமா?" என்றான் பாஹிம். ஜமாலியாவிலே தன்னை நேரே நோக்கிய வேறிரு விழிகள் நினைவில் எழுந்தன. அவ்விழிகளின் முன் வெறுங்கையோடு நிற்பதைவிட, தான் சொன்னதைப்பற்றி ஒன்றும் விசாரியாமலே வந்துவிட்டான் என்று அவள் எண்ணிவிடுவாளே என்பதுதான் அவனை வாட்டியது.

தாகம் மேலிட, வீதியோர வியாபாரியிடம் இளநீர்க் குரும்பை ஒன்றை வெட்டுவித்துக் குடித்தான். குடித்து முடித்தபின் அதைப் பிளந்து, வெண்மையான வழுக்கையைச் சிரட்டைத்துண்டாற் சுரண்டித் தின்றுகொண்டிருந்தபோது அவன் கை நடுவழியில் நின்றது. எருமைக்கு மடி உண்டு. பசுவுக்கு உண்டு. ஆட்டுக்கும் உண்டு.

"தென்னைக்கு மடியில்லையே!" என்று பாஹிம் உரத்து முழங்கினான்.

"இல்லத்தான் தம்பி" என்றான் குரும்பை வியாபாரி, அடுத்த காயை எடுத்தபடி.

அதன்பின் இரும்புப் புரவி பறந்த வேகத்தை எவ்வாறு உரைப்போம்! முச்சக்கரவண்டிகள் ஒதுங்கின, மான்கள் மதிலோரம் பதுங்கின. ஆயினும் விதி அவனுக்கு முன்னரே கடையிற் புகுந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியிலே ஒரேயொரு தொதற்கட்டி எஞ்சியிருந்தது. அதன்மேல், மோதிரமணிந்த வலியதொரு கரம் பதிந்திருந்தது. அக்கரத்துக்கு உரியவள், ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையும் புருவத்தாலேயே அடக்கி ஆண்டு ஓய்வுபெற்ற அதிபர் இரத்தினேஸ்வரி. மறுகையிலே, மடித்த குடை, உறையிட்ட வாள்போல நிமிர்ந்து நின்றது.

"அன்ரி, அது எனக்கு வேணும்" என்றான் பாஹிம்.

"நான் கை வைச்சிட்டன்" என்றாள் இரத்தினேஸ்வரி.

"நான் முன்னமே பாத்திட்டன்!"

"பாத்தவர் ஏன் விட்டிட்டுப் போனவர்?"

இது மார்பிலே தைத்த அம்பு. கடைக்காரர் இருபெரும் படைகளுக்கிடையே அகப்பட்ட குடியானவனைப்போல ஒரு பக்கம் தராசையும் மறுபக்கம் கடதாசியையும் பிடித்து நின்றார். மதயானையின் முன் மதயானைபோலவும், சந்தியில் எதிரெதிரே வந்து பின்வாங்க மறுக்கும் இரு பஸ்களைப்போலவும் இருவரும் நின்றனர். கொழும்பிலிருக்கும் தமக்கைக்குக் கொண்டுபோவதற்காகவே தாம் வந்ததாகவும், பின்னேர பஸ் யாருக்கும் காத்திராதென்றும் அதிபர் அறிவித்தார். பாஹிமுக்கு வேறு ஆயுதம் இல்லை. அவன் உண்மையை உருவினான். பெண்பார்த்தது, பால், நெய், முட்டை, தேன், உம்மாவின் தீர்ப்பு, காலைமுதல் ஏறியிறங்கிய படிகள், தேங்காய்க்கும் பாலுக்கும் இடையே தான் வழிதவறியது எல்லாவற்றையும், காதுகள் எரிய எரியச் சொல்லி முடித்தான்.

இரத்தினேஸ்வரி குடையின் நுனியைக் கடைக்காரர் பக்கம் திருப்பினாள்.

"தட்டுக்கு என்ன பூசினீங்கள்?"

"அம்மா?"

"தொதல் ஒட்டாமலிருக்கத் தட்டுக்குப் பூசுவீங்களே, நெய்யோ, எண்ணெயோ?"

"தேங்காயெண்ணெய்தான் அம்மா. நெய் விக்கிற விலைக்கு ஆர் பூசுறது!" என்று, அன்று நகரத்திலே நெய்யின்மையைப் பெருமையோடு அறிவித்த ஒரே வணிகராய் அவர் மொழிந்தார்.

கட்டியை இரண்டாக வெட்டிப் பகிர்ந்துகொள்ளலாமென்று பாஹிம் சொல்லத் துணிந்தான். "பொம்பிளை வீட்டுக்கு அரைக்கட்டியோட போறதோ? விசர்க்கதை கதையாதேங்கோ" என்று அதிபர் அவனை அதட்டி, கரத்தைத் தொதலின்மேலிருந்து எடுத்தாள். "அக்காவுக்கு முறுக்குப் போதும். அவ சீனி வருத்தக்காரி, இதைக் கண்ணாலயும் பாக்கக்கூடாது." அவ்வாறு உரைத்து, தோலாத படையொன்று தானே விரும்பிக் களம்நீங்கும் கம்பீரத்தோடு, முறுக்குப் பொதியை அக்குளில் இடுக்கி, பஸ் தரிப்பிடம் நோக்கிச் சென்றாள். நன்றி சொல்லவேண்டும் என்பது பாஹிமுக்கு நினைவு வந்தபோது, குடை வீதியின் மறுகோடியில் விரிந்துவிட்டது.

அசறுத் தொழுகை முடிந்தது. ஜமாலியா வீட்டுக் கூடத்திலே கதிரைகள் இருபுறமும் அணிவகுத்தன. ஸெய்னுதீன் முழங்கால்மேல் கைவைத்து, தம் எருமைகள் அனைத்தின் மானத்தையும் தோளிற் சுமந்தவராய் அமர்ந்திருந்தார். பஸ்மியா நெற்றியைச் சுருக்கித் தொதலைப் பார்த்தாள். சுஹைரா அதைத் துண்டுகளாக்கிப் பீங்கானில் வைத்தாள். றுஷ்தா வந்தாள். பீங்கானைப் பார்த்துவிட்டு, தாயை விடுத்து, ஸெய்னுதீனையும் பஸ்மியாவையும் விடுத்து, பாஹிமிடமே கேட்டாள்.

"இதில நெய் இரிக்கா?"

வீரன் எழுந்து நின்றான். "இல்ல. அரிசி மா, கருப்பட்டி, கஜு. பாலெண்டாத் தேங்காய்ப்பால் மட்டும்தான். தட்டுக்குப் பூசினதும் தேங்காயெண்ணெய். கேட்டுப் போட்டுத்தான் கொண்டு வந்தனான்."

"தட்டுக்குப் பூசினதையுமா கேட்டீங்க?"

தன் வாயாற் கேட்கப்படாத அக்கேள்வியின் புகழைத் தானே சூடிக்கொள்ள அவனால் இயலவில்லை. "அது ஒரு அன்ரி கேட்டவ" என்றான். "மத்ததெல்லாம் நான் கேட்டது. எல்லாக் கடையிலயும் கேட்டன்."

றுஷ்தாவின் இதழோரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது; அது சிரிப்பென்று அறுதியிட்டுக் கூறும் துணிவு எமக்கில்லை. அவள் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டாள். இரு குடும்பங்களும் மூச்சை அடக்கின. தொதலோ, பற்றியதை எளிதில் விடாத குலத்தது. மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் பிணைத்து, நாவைக் கட்டி, சொல்லொன்றும் வெளியேறாவண்ணம் வாயிற்கதவைச் சாத்தியது. அவள் மென்றாள். ஸெய்னுதீன் முன்னே குனிந்தார். அவள் மேலும் மென்றாள். பஸ்மியாவின் உதடுகளும் தம்மையறியாது உடன்மென்றன. குடாவின் அலைகள் கரையேற மறந்து நின்றன. துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தை இறுகப் பற்றின. எட்டுத் திசையும் செவியாக, எருமைகள் யாவும் அசைபோடுதலை நிறுத்த, பாஹிமின் இரு காதுகளும் அந்திவானமென அனல்சொரிந்து நிற்க, தீர்ப்பின் அக்கணம் உலகின்மேல் இறங்கியது.

றுஷ்தா அதை விழுங்கி, இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டு, தண்ணி கேட்டாள்.