சத்தம் போடாத லாரி

"என்னங்க, இந்தப் பாட்டில் மூடியக் கொஞ்சம் திறந்து குடுங்க!"

கொண்டை ஊசி வளைவில் லாரியைத் திருப்பிக்கொண்டிருந்த காப்பீட்டு அதிகாரி திடுக்கிட்டார். லாரி பள்ளத்தில் உருண்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. லாரி லேப்டாப் விளையாட்டுக்குள்தான் இருந்தது.

இன்றைக்கு இது மூன்றாவது விபத்து.

எல்லாம் வீட்டிலிருந்தே பணிபுரிய அலுவலகம் கொடுத்த புது லேப்டாப் செய்த வேலை. "உள்ள ஃபேனே கிடையாது சார்," என்று டெக்னீஷியன் பெருமையடித்திருந்தார். "நகத்தளவு சில்லு ஒண்ணு. அதுல மெல்லிசா ஒரு சவ்வு துடிச்சுத் துடிச்சே சூட்டை வெளிய தள்ளிடும். பக்கத்துல காது வெச்சாலும் கேக்காது."

அதுதானே வினை! பழைய லேப்டாப்பில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும்போது சத்தமே வராது. ஆளாளுக்கு வந்து கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் லாரி ஓட்டினாலோ, சூடேறி மாவு மில் மாதிரி இரையும். வீடே பூனைநடை போடும். 'மனுஷன் என்னமா உழைக்கிறார்னு நம்பிட்டாங்க' என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். சைக்கிள் ஓட்டினாலே சுவரில் முட்டுகிற மனிதருக்கு அந்த அரைமணிதான் சொர்க்கம். அது கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் இரைச்சலுக்காகவே மேஜை விசிறியை முழு வேகத்தில் வைத்தார்.

"அட, காத்து ஜிலுஜிலுன்னு வருதே மாப்பிள்ளை!" மாமனார் நாற்காலியும் பேப்பருமாக அறைக்குள் குடியேறிவிட்டார். வேறு வழியில்லாமல் அரைமணி நேரமும் உண்மையிலேயே வேலை பார்க்கவேண்டியதாயிற்று.

அதற்கடுத்த நாள், தலையில் விரல்விட்டு எண்ணுமளவே முடியுள்ள அதிகாரி, மகளின் ஹேர் டிரையரோடு குளியலறைக்குள் புகுந்தார். அது இரைகிற சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்தார். சாப்பிட்டு முடித்ததும் லாரியைக் கிளப்பி, சத்தத்தையும் தட்டிவிட்டார்.

செல்போனோ, வழக்கம்போல ஹாலில் இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கரோடு போய் ஒட்டிக்கொண்டது. ஹாலில் சூறாவளி! மாமனார் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். மனைவி கரண்டியோடு வந்தாள். மகள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். லாரி பாலத்தில் பாதியும் அந்தரத்தில் பாதியுமாகத் தொங்கியது.

அதிகாரிக்கு வியர்த்தது. "அது வந்து... லாரிக்காரர் ஒருத்தர் காப்பீடு கேட்டிருக்காரு. விபத்து எப்படி நடந்திருக்கும்னு ஒரு... ஆராய்ச்சி..."

"எத்தனை வருஷமா ஆராய்ச்சி, மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

மனைவி பொங்கிவந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மகள்தான் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "சத்தம் கேட்டா அப்பா லாரி ஓட்டுறார், பாவம், அந்த அரைமணி யாரும் கூப்பிடக்கூடாதுன்னு அம்மா எப்பவோ ரூல் போட்டாச்சுப்பா, இந்தப் புது லேப்டாப்புல நீங்க எப்பக் கிளம்புறீங்கன்னே தெரியல, இனிமே ஒரு ஹாரன் அடிச்சிட்டுக் கிளம்புங்க!"