உச்சம் பற்றி நீங்கள் எழுதியதும் எங்கள் வீட்டில் நடந்ததும்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் வாசகி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரரும் நலம். எங்கள் இருவருக்கும் இடையில்தான் நலமில்லை. காரணம் நீங்கள்.

போன வாரப் பத்திரிகையில், ஆணின் உச்சம் சில நொடிகளில் முடிந்துவிடும், பெண்ணுடையது அதைவிட நீளும், ஓய்வே இல்லாமல் மறுபடியும் வரக்கூடும் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்தார், அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து, பொதுச் சொத்தில் பெரிய பங்கை அமுக்கிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார். என் தங்கை போன் செய்தால், "உங்க அக்காவுக்கென்ன, கொடுத்து வச்சவ" என்கிறார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதென்று நினைத்து அவள் வாழ்த்துச் சொல்கிறாள்.

வயிறு எரிகிறதம்மா. பொறாமைப்பட வேண்டியவள் நான். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. பட்டனை அழுத்தினால் நேரே மேல்மாடி, அப்புறம் குறட்டை. நான் பாதி வழியில் நின்றபடி, மறுநாள் யாருக்கு எந்த ஃபிரேம் மாட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்தக் குறட்டையில் ஒரு நிம்மதி இருக்கிறதே, அதைக் கேட்கக் கேட்க அவர் மூக்கைப் பிடித்துத் திருகலாமா என்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் துடைக்கும்போது மறுபடி ஆரம்பித்தார், பொம்பளையாகப் பிறந்திருக்கலாம் என்று. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "அதுல எழுதியிருக்கறதெல்லாம் எனக்கு எங்க வந்துச்சு? வந்தத விரல் விட்டு எண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். அப்புறம், "அப்ப அந்தச் சத்தமெல்லாம்?" என்றார்.

"நீங்க சீக்கிரம் தூங்கணும்னுதான்."

அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்குத் தெரியல. நீதான் சொல்லித் தரணும்" என்றார். தெரியாத ஊரில்கூட யாரிடமும் வழி கேட்காத மனிதர் அவர். எனக்குத்தான் வெட்கம் தாங்காமல், கொடியில் காயாத துணியையெல்லாம் எடுக்கப் போய்விட்டேன்.

ஆகவே, எல்லாப் பெண்களும் அள்ளிக் குவிப்பதுபோல் எழுதியதற்கு அடுத்த இதழில் நீங்கள் திருத்தம் வெளியிட வேண்டும். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சந்தோஷமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வயிறெரியும் வாசகி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சில நாள் ஆகிவிட்டது. இதற்கிடையில் சொல்லித் தந்தேன். திருத்தம் வேண்டாம். நீங்கள் எழுதியது சரிதான், அந்த 'ஓய்வே இல்லாமல்' உட்பட. பெருமைப்படுவதா பொறாமைப்படுவதா என்று தெரியாமல் அவர்தான் விழித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் ரொம்ப இல்லை.