ஐந்து பேருக்கு ஒரு சொனாட்டா

நகர இசையரங்கத்தில் ஒரு பியானோவும் அதை வாசிக்க ஐந்து கலைஞர்களும் இருந்தார்கள். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. பியானோவை விலை கொடுத்து வாங்க வேண்டும். கலைஞர்கள் சிபாரிசில் வந்துவிடுவார்கள்.

ஐவரில் கடைசியாகச் சேர்ந்தவளைக் கடைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தாண்டியும் பெயர் மாறவில்லை, அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால். பாட வருகிறவர்களுக்கெல்லாம் பின்னணி வாசித்தே விரல் தேய்ந்தவள், இந்த ஆண்டுவிழாவில்தான் முதன்முறையாகத் தனியாக மேடையேறப் போகிறாள். சொனாட்டா என்கிற, இருநூறு வருஷத்துக்கு முந்தைய மேல்நாட்டு இசைக்கோவை ஒன்று. ஒரே ஆள், ஒரே பியானோ, அரைமணி நேரம். மாதக்கணக்காக விடியற்காலையில் எழுந்து வீட்டுப் பழைய பியானோவில் வாசித்து வாசித்து ஊறிப்போயிருந்தாள். அந்த அரைமணி நேரத்துக்காக அவள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்திருப்பாள்.

அப்போதுதான் நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார். தனக்கு இசை தெரியாது என்பதை ஒளிக்காத நேர்மையாளர். பாரபட்சம் காட்டமாட்டார் என்றுதான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, இந்த சொனாட்டாவை நீ மட்டும் வாசிக்கப் போறியாமே?"

"ஆமா சார். அது ஒருத்தர் வாசிக்கறதுதான்."

"அப்போ மத்த நாலு பேரும் என்ன பண்ணுவாங்க?"

"கேப்பாங்க சார்."

"சம்பளம் வாங்கிட்டு கேக்கறதா? ஒருத்தர் வேலை செய்ய, நாலு பேர் வேடிக்கை பார்த்தாங்கன்னு கணக்குத் தணிக்கைக்காரங்க எழுதினா நான் என்ன பதில் சொல்றது?"

"பியானோ ஒண்ணுதானே சார் இருக்கு?"

"அதுல கட்டை எத்தனை?"

"எண்பத்தெட்டு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! அஞ்சு பேருக்குத் தாராளமா வருமே!"

மாலையே ஆணை வந்துவிட்டது. மேற்படி சொனாட்டாவை, அதன் அழகுக்கு யாதொரு பங்கமும் நேராவண்ணம், ஐவருக்கும் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு கடைக்குட்டியிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கடைக்குட்டி கழிவறைக்குள் போய்க் கொஞ்சநேரம் அழுதாள். முகம் கழுவும்போது அழுகை போய் வீம்பு வந்தது. 'பிரிக்கத்தானே சொன்னீங்க? பிரிக்கிற பிரிப்புல, தாயே நீ தனியாவே வாசின்னு என் காலில் விழணும்' என்று சங்கல்பம் செய்துகொண்டாள்.

"பணிமூப்புப்படி மெட்டு எனக்குத்தான் வரணும்" என்றார் ஐவரில் மூத்தவர். தாராளமாகக் கொடுத்தாள். மெட்டு என்பது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைகிற சாமான். மூத்தவர் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடி ஓடி வாசிக்க வேண்டியதாயிற்று. பல வருஷமாக ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பெண்மணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒருத்தி கேள்வி கேட்பதுபோலவும் மற்றவள் பதில் சொல்வதுபோலவும் இசையை எழுதினாள். தூங்குமூஞ்சி என்று பேரெடுத்தவருக்கு, சத்தமே இல்லாத இடங்கள் அனைத்தும் ஒதுக்கப்பட்டன. அவர் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த ஈடுபாட்டுடன் நிறைவேற்றினார். மிச்சமிருந்ததை அவர்கள் கைகளுக்கு இடையில் விரலை நுழைத்துக் கடைக்குட்டி வாசித்தாள்.

ஒத்திகையில் மூத்தவர் மூச்சிரைக்க ஓடிவந்து நாற்காலி தட்டி விழுந்தார். பேசாத பெண்மணிகள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைக்குட்டிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாழாய்ப்போன சொனாட்டா இவ்வளவு குஷியாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. அதிகாரி மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றார்.

"எல்லாரும் வேலை செய்யறாங்க. பிரமாதம்!"

காலில் விழவில்லை.

விழாவில் கைதட்டல் ஓயவே இல்லை. 'தனியாதிக்கத்தின் பிடியிலிருந்து சொனாட்டா விடுதலை பெற்றது' என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதோடு ஊரைப் பிடித்தது பைத்தியம். பியானோ உள்ள வீடுகளில் குடும்பமே வரிசையாக உட்கார்ந்து வாசித்தது. ஒற்றைப் பிள்ளைக்காரர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை இரவல் கேட்டார்கள். தனியாக வாசிப்பவர்களைப் பார்த்து, "பாவம், சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று விசாரித்தார்கள்.

கடைக்குட்டிக்குச் சிரிப்பு வந்தாலும் மனசு ஆறவில்லை. அதிகாரியிடம் போனாள்.

"சார், ஒரே ஒரு தடவை நான் தனியா வாசிக்கணும்."

"அஞ்சு பேர் வேலையை ஒருத்தரால செய்ய முடியுமா?"

"முடியும் சார். இத்தனை காலமும் ஒருத்தர்தான் வாசிச்சிட்டு வந்தாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்படியா? அப்போ மத்த நாலு பேர் எதுக்கு?"

கதவுக்கு வெளியே நாலு ஜோடிச் செருப்புகளின் சத்தம் சட்டென்று நின்றது. மூத்தவருக்கு மகள் கல்யாணம் பாக்கி. தூங்குமூஞ்சிக்கு வேறெங்கும் தூக்கம் வராது. கடைக்குட்டி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன் சார். ஒருத்தரால முடியாது."

"நிச்சயமா?"

"மனுஷனால ஆகற காரியமே இல்லை சார். அஞ்சு பேருக்கே மூச்சு முட்டுது."

அதிகாரி யோசித்தார். "அஞ்சு பேருக்கே மூச்சு முட்டுதா? நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

மறுவாரம் ஆறாவது கலைஞர் வந்து சேர்ந்தார். அதிகாரியின் மச்சான். பியானோவை எந்தப் பக்கம் திறப்பது என்று கேட்டார். கடைக்குட்டி அவரைக் கீழே உட்கார வைத்து, காலால் மிதிக்கிற பெடலைக் கையால் அமுக்கச் சொன்னாள். அவரும் தோன்றியபோதெல்லாம் அமுக்கினார்.

அடுத்த கச்சேரி முந்தையதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சின்ன வயதில் இதே சொனாட்டாவைத் தனியாக வாசித்துப் பரிசு வாங்கியவர்கள்தான் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வாசலில் அவள் கணவர் கண்கலங்க நின்றிருந்தார்.

"எத்தனை மாசமா நீ காலையில தனியா வாசிச்சே! நான் சவரம் பண்ணிக்கிட்டே, என்னமோ குறையுதே, என்னன்னு சொல்லத் தெரியலையேன்னு நினைப்பேன். இன்னிக்குத்தான் பிடிபட்டுச்சு. அந்தக் கீழே உட்கார்ந்திருந்த ஆளு!"

கடைக்குட்டிக்குச் சுருக்கென்றது. சண்டை போட வாயெடுத்தாள். சுற்றிலும் நின்றவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

"ஆமாங்க, ஒருத்தரால முடியற காரியமா அது?" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் அது உண்மைதானோ என்று பட்டது.