சரக்குப் பதிவேட்டில் ஐந்து பேர்

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் நலம். நீங்களும் அக்காவும் திடமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றுகிறேன். வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருடம் மனு எழுதிய கை உங்களுடையது. நான் செய்தது சரியா, தப்பா என்று எனக்கே விளங்கவில்லை. வியாழக்கிழமைக்குள் விளக்கத்தை எழுத்தில் கொடுக்க வேண்டுமாம்.

எல்லையைத் தாண்டி வருகிற, குளிரூட்டிய காய்கறி லாரிகள் எங்கள் குளிர்கிடங்கில்தான் இறங்கும், நான் அதன் வாசலில் பதிவேடு எழுதுகிறவன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். லாரிக் கதவில் மாட்டியிருக்கும் கம்பி முத்திரையை, அதாவது சீலை, சோதனை அதிகாரிதான் வெட்ட வேண்டும். வேறு யார் தொட்டாலும் குற்றம். பதினாறு வருடத்தில் நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஒரு கேரட் லாரி வந்தது. ஓட்டுநர், பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனவர், இன்றுவரை டாக்டரிடமிருந்து திரும்பவில்லை. நான் வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. கேரட் தட்டாது, அத்தான்.

அதிகாரிக்குப் போன் போட்டேன். "பத்தரைக்கு வருவேன். அவசரம்னா எழுத்துமூலமா கேளுங்க" என்றார். அதற்குள் பளுதூக்கி வண்டி ஓட்டுகிற பீரங்கி வந்துவிட்டான். குரலுக்காக நாங்கள் வைத்த பெயர் அது. "தொடாதீங்கண்ணே! அனுமதியில்லாம வர்றவங்களுக்கு இன்னிக்கு இரக்கப்பட்டா நாளைக்கு நாலு லாரி வரும். ஒழுங்கா வரிசையில நின்னு வர்றவன் என்ன முட்டாளா?" என்றான். பெட்டி கட்டும் பிரிவின் மேற்பார்வைக்காரம்மா விடவில்லை. "வரிசை இருந்தா நிப்பாங்கப்பா. உன் சட்டத்தையெல்லாம் அந்தக் கதவுக்குள்ள போய்ச் சொல்லு. எத்தனை டிகிரி தெரியுமா? ரெண்டு!" இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. எனக்கு எப்போதுமே அப்படித்தான் படும், அதுதான் என் வியாதி. இருவருக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

தட்டுவது நின்றுவிட்டது.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம், கம்பி வெட்டுகிற கத்தரி என் கையில் இருந்தது என்பதுதான். முதலில் உள்ளே பாய்ந்து ஏறியவன் யார் தெரியுமா? பீரங்கி. ஐந்து பேரை வெளியே கொண்டுவந்தோம். உதடெல்லாம் நீலம். ஒரு பெண்ணுக்குக் காலில் செருப்புகூட இல்லை. என் காலுறையைக் கழற்றி மாட்டினேன். ஒருவருக்கும் நம் பேச்சு தெரியவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே சொல்லித் தொலைத்தேன்: "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க." பதிவேட்டையும் நீட்டிவிட்டேன். அவர்களில் மூத்தவர் ஏதோ அதிகார ஆணை என்று நினைத்துப் பேனாவை வாங்கினார். விரல் மடங்கவில்லை. பேனா விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி முயற்சி செய்தார், அத்தான். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். யாருக்காவது கணக்குக் காட்ட வேண்டுமே என்று 'சரக்கு வகை' என்ற இடத்தில் 'ஆட்கள், ஐந்து' என்று நானே எழுதினேன். எடையை மட்டும் நிரப்பவில்லை.

"கால் மணி நேரம் தாமதிச்சிருந்தா மூச்சே முட்டிப் போயிருக்கும்" என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் தேறிவிட்டார்கள். திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது விசாரணையில் இருக்கிறது. பார்க்கப் போனேன். வாசலில் காவலர், "நீங்க என்ன உறவு?" என்று கேட்டார். "பதிவேட்டில ஏத்தினவன்" என்றேன். உள்ளே விடவில்லை.

நேற்று எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, சமயோசிதமாக ஐந்து உயிரைக் காத்ததற்குப் பாராட்டு. மற்றது, அனுமதியின்றிச் சீலை வெட்டியதற்கும், அறிவிக்கப்படாத சரக்கைப் பெற்றுப் பதிவு செய்ததற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. விசாரணைக்கு வந்தவர், "உங்க காலுறை எப்படிங்க அந்தம்மா காலுக்குப் போச்சு? முன்னாடியே பழக்கமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரியும் அன்று முதல் அதையேதான் கேட்கிறாள்.

ஆகவே அத்தான், பதற்றத்தில் செய்துவிட்டேன், வருந்துகிறேன், இனி எந்த லாரியின் சீலையும் தொடமாட்டேன் என்று உறுதிமொழியோடு பணிவான பதில் ஒன்று எழுதி உடனே அனுப்புங்கள். வேலை போனால் ஐம்பத்து நாலு வயதில் எங்கே போய் நிற்பேன்?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் கேட்கும்
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மத்தியானம் ஒரு முட்டைக்கோஸ் லாரி வந்தது. உள்ளே டக் டக்கென்று சத்தம். இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை, போனும் போடவில்லை. வெட்டிவிட்டேன். கழன்ற கொக்கி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் கடைசி மூட்டைவரை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. அதனால் அந்த உறுதிமொழியை எடுத்துவிடுங்கள். 'வருந்துகிறேன்' என்பதையும் எடுத்துவிட்டால், மிச்சம் என்ன எழுதலாம் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.