முயலுக்குத் தலைவாரும் மனிதர்

முயல் வளர்ப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். முயலுக்குத் தலைவாரி விடுபவர் தனிப்பிறவி. உங்களுக்கும் அவரைத் தெரியும். கறுப்புக் கால்சட்டை நிறைய வெள்ளை முடியோடு ஆபீசுக்கு வருவாரே, அவர்தான்.

அவருடைய முயல் சின்னது. நீள முடி, தொங்கும் காது. "ஐயோ பாவம், ஏன் காது தொங்குது?" என்று பஸ்ஸில் வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள். "அதுக்கு ஒண்ணுமில்ல சார், இனமே அப்படி" என்று ஆரம்பிப்பவர், அதைக் குளிப்பாட்டவே கூடாது, சிக்கை இழுக்கக் கூடாது, சோளமாவு தூவி விரலால் பிரிக்க வேண்டும், முதலில் அகலப்பல் சீப்பு, அப்புறம் நெருக்கப்பல் சீப்பு, காதுக்குப் பின்னால் வாரும்போது மூச்சுக்கூட விடக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் இறங்க வேண்டிய இடம் போய்விடும். அவர் இறங்க வேண்டியதும்தான்.

சாயங்காலம் ஆனால் மடியில் துண்டு விரிப்பார். அதற்குப் பிறகு வீட்டில் மிக்சி ஓடக் கூடாது. தும்மல் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும்.

அவர் மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, கை தலைக்கு மேலே எழவில்லை. முடியோ இடுப்பு வரைக்கும்.

"என்னங்க, பின்னால மட்டும் கொஞ்சம் வாரி விடுங்களேன். ஒரே சிக்கு."

"இதோ, வயித்துப் பக்கம்தான் பாக்கி. நடுவுல விட்டா கோவிச்சுக்கும்."

மறுநாள் முதுகுப் பக்கம் பாக்கி. அதற்கு மறுநாள் நகம் வெட்டும் நாள். அந்த அம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தியது நம்மவருக்குத் தெரியாது.

ஒருநாள் சீப்பு காதுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, முயல் விறைத்துப்போய் வாசலையே பார்த்தது. நம்மவரும் நிமிர்ந்தார். முடி வெட்டும் கடைக்குப் போய்விட்டு வந்த மனைவி, கழுத்தோடு கத்தரித்த கூந்தலுடன் நின்றிருந்தார்.

"என்ன இது! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று பதறினார் கணவர்.

அந்த அம்மாளின் முகம் லேசாக மலர்ந்தது.

"பாரு, எப்படிப் பயந்துபோச்சு!" என்று முயலை அணைத்துக்கொண்டார் அவர்.

அந்த அம்மாள் உள்ளே போய்த் தன் சீப்பை எடுத்து வந்து துண்டின் மேல் வைத்தார். "இனிமே எனக்கு இது தேவைப்படாது."

நம்மவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல அகலப்பல்" என்றார்.

சே, என்ன மனிதர் என்று பல்லைக் கடிக்கிறீர்களா? எனக்கும் ஆத்திரம்தான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு படித்ததில் உங்கள் மனதில் நின்றது எது? அந்த அம்மாளின் தோள்வலியா, சிக்கெடுக்கும் சோளமாவா?

சோளமாவு என்றால், வெளியே கிளம்பும் முன் கால்சட்டையைக் கொஞ்சம் தட்டிவிட்டுக்கொள்ளுங்கள்.