ஈடுபாட்டுக்கு ஐந்துக்கு எத்தனை?

விளைவுகளை ஆராயாமல் எதையும் செய்யாதவன் நான் என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். கல்வியியலில் மேற்படிப்பு படித்தவர்களுக்கு இந்த நோய் வருவதுண்டு.

ஆசிரியர்கள் தம் பணியில் கொண்டுள்ள ஈடுபாட்டை அளப்பது என் ஆய்வு. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். டப்ளினில் ஞாயிறுதோறும் நடக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறு ஆசிரியர்களிடம் முதலில் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். வகுப்புகளை நிலைகள் என்போம்; மூன்றாம் நிலையின் ஆசிரியை என் மனைவி மலர்.

முடிவுகளில் மலர் கடைசி. முதலிடம் சுரேஷுக்கு. (அந்தப் பருவத்தில் அவர் பள்ளிக்கு வந்தது நான்கு முறை. அதில் ஒன்று பொங்கல் விழா; சாப்பாடு உண்டு.)

மலரின் மதிப்பெண்ணை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனைவி என்பதற்காகத் தரவை மறைப்பது ஆய்வு நெறிக்கு முரண் எனத் தெளிந்தேன். பெயர்களை நீக்கி, நிலை எண்ணை மட்டும் இட்டு, ஆசிரியர் கூட்டத்தில் திரையில் காட்டினேன். ஒரு நிலைக்கு ஓர் ஆசிரியர்தான் என்பது என் நெறிமுறைச் சிந்தனைக்கு எட்டவில்லை.

எல்லோரும் மலரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுரேஷ் மட்டும், "நல்ல சர்வே பாஸ்" என்றார்.

காரில் வீட்டுக்கு வந்தோம். கராஜ் கதவு திறந்ததும் மலர் நிதானமாகச் சொன்னாள்: "அடுத்த வாரம் நீங்களே கிளாஸ் எடுங்க. கடைசி மார்க் வாங்கினவகிட்ட பிள்ளைங்கள விடக்கூடாது."

"இல்லம்மா, பதினேழாவது கேள்விலதான் குறைஞ்சுபோச்சு. 'இப்பணியை விட்டுவிட எண்ணியதுண்டா?' அதுக்கு நீ 'எப்போதும்'னு போட்டிருக்க."

"ஆமா. சனிக்கிழமை ஹோம்வொர்க் திருத்தறப்பல்லாம் தோணும். ஞாயித்துக்கிழமை எழுந்து போயிடறேன்ல? அத உங்க ஃபார்ம்ல எங்க போடறது?"

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன்.

பதினான்கு பிள்ளைகள். உயிரெழுத்துகளின் வரலாற்றை விளக்கினேன். ஒருவன் மேசைக்கு அடியில் குடியேறினான். "அங்கிள், வென் இஸ் மலர் ஆன்ட்டி கமிங் பேக்?" என்று முறைவைத்துக் கேட்டார்கள். (நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.) யாரிடமும் வாய்திறக்காத நிலா என்ற சிறுமி, மலரிடம் மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டாள். நான் கெஞ்சியும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, வரலாறு எதற்கும் மலர் அசையவில்லை. நிலா என்றதும் நிமிர்ந்தாள்.

"வாசிக்கவே இல்லையா? போன வாரம் ஒரு பக்கம் முழுசா வாசிச்சாளே."

அடுத்த ஞாயிறு, எனக்கு முன்பே அவள் காரில் இருந்தாள். என் படிவம் ஒன்று இருக்கையில் கிடந்தது. இருபது கேள்விகளுக்கும் கீழே, அவள் கையெழுத்தில் இன்னொன்று: "21. அப்படி எண்ணிய பிறகும் போனீர்களா?"

என் ஆய்வில் இன்று அந்தக் கேள்வி இருக்கிறது. வீட்டிலும் இருக்கிறது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும் நாளில் நான் சோபாவில் முனகினால், மகள்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. "அப்பா, இருபத்தொண்ணு" என்கிறாள். நான் எழுந்து போகிறேன்.